எந்த முனை என்று கேட்டவர்

மேடையில் இருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மருத்துவர்களே, நர்ஸ் அக்காமார்களே, நம் டாக்டர் அம்மா கைபட்டுப் பிழைத்து இன்று சொந்தக் காலில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மைக்கைப் பிடிக்க எனக்கு என்ன தகுதி? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நான் ஆபரேஷன் தியேட்டரில் விளக்கைத் திருப்புகிறவன், மைக்ராஸ்கோப்பைத் தள்ளுகிறவன். ஆனால் ஒட்டுறுப்பு அறுவை, அதாவது பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவின் தலைவர், நம் தையல்கார அம்மா, பதினெட்டு வருடம் குனிந்து செய்த வேலையை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவன். அது போதாதா? போதாது என்றாலும் இறங்கப் போவதில்லை.

தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைப்பார். சொந்தக் கோட்டில் பொத்தான் அறுந்தால் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு வருவார்! நான் கிண்டல் செய்தால், "மைக்ராஸ்கோப் இல்லாம எனக்குத் தைக்க வராதுய்யா" என்பார்.

அவர் வேலையை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நசுங்கிப் போன காலில் எலும்பு வெளியே தெரியும். முதுகிலிருந்து ஒரு துண்டுச் சதையை அதன் குழாயோடு எடுத்து அங்கே வைத்தால் கால் பிழைக்கும். ஆனால் அடிபட்ட இடத்தில் நல்ல குழாய் இருக்காது, தள்ளித்தான் இருக்கும், எட்டாது. அப்போது அடுத்த காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து நடுவில் பாலமாகத் தைப்பார். அந்தச் சிரைக்குள்ளே குட்டிக் கதவுகள் உண்டு. ரத்தம் மேலே ஏறும் பக்கமாக மட்டுமே திறக்கும்; இங்கேயோ ரத்தம் கீழே இறங்க வேண்டும். அதனால் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். நேராக வைத்தால் கதவு சாத்திக்கொள்ளும், ரத்தம் போகாது. எடுத்த பிறகு இரண்டு முனையும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் பாதத்தின் பக்கத்து முனையில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். ரத்தம் வருகிற பக்கம் அந்த முனை போக வேண்டும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கால் நசுங்கி வந்தார். சிரையை எடுத்துக் கிண்ணத்தில் அலசும்போது கிளிப் நழுவியது. அலசிய கை அதை மறுபடி மாட்டியது. அடுத்த முனையில் மாட்டியது. யார் கை என்பது இங்கே வேண்டாம். விளக்கடியில் நின்று நான் பார்த்தேன். பார்த்தேன், பேசவில்லை. படித்தவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மா கிளிப்பை நம்பித் தைத்தார்.

முதலில் லேசாகச் சிவந்த சதை, வார்டுக்குப் போன இரண்டு மணி நேரத்தில் மெழுகு மாதிரி வெளுத்தது. அம்மா மறுபடி திறந்தார். குழாய் திசை மாறி, ரத்தம் உறைந்து கிடந்தது. இந்த முறை கையிலிருந்து வேறு சிரை எடுத்துத் தைத்தார். முடிந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெளியே போய், மெக்கானிக்கின் அக்காவிடம் நேராகச் சொன்னார்:

"குழாயை மாத்தி வச்சுட்டேம்மா. அதான் தம்பி கையையும் கீற வேண்டியதாப் போச்சு. என் தப்பு."

"கால் இருக்குமா டாக்டர்?"

"மூணு நாள் போனாத்தான் தெரியும். பொய் சொல்ல மாட்டேன்."

மூன்று நாளும் அந்தக் கட்டிலை விட்டு அவர் நகர்ந்தாரா? நகரவில்லை. கால் பிழைத்தது. நான்காம் நாள் அவர் அறைக்குப் போய் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன்யா சொல்லல?"

"நான் யாரும்மா சொல்றதுக்கு?"

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அதுவும் சேத்து என் தப்புதான். யாரையும் கேக்காமத் தைச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து முதல் தையலுக்கு முன்னால் ஊசியை நிறுத்திவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி என்னைப் பார்த்துக் கேட்பார்: "எந்த முனை?" நான் எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊசி இறங்கும். வெளியூரிலிருந்து வந்த பெரிய மருத்துவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இப்படி ஒரு தலைவரை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

போன மாதம் அவரே நோயாளியாக வந்தார். ஸ்கேன் அறைக்கு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். வண்டியில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அளவுக்கு எடை குறைந்திருந்தார். அப்போதும் அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கேஸ் பற்றிய கவலைதான். அவரிடம் தொழில் பழகிய சின்ன டாக்டர் செய்கிறார் என்றேன்.

"உன்னைக் கேப்பாரா?"

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னாலும் சொல்லணும்."

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அம்மா போய்விட்டார். சின்ன டாக்டர் சிரையைத் திருப்பி வைத்தார், ஊசியை எடுத்தார், கேட்கவில்லை. கிளிப் சரியான பக்கம்தான் இருந்தது. சரியாக இருக்கும்போது எதற்குப் பேச வேண்டும்? பேசினேன். "டாக்டர், கிளிப் முனை ரத்தம் வர்ற பக்கம் இருக்கு. நீங்க கேக்கல."

அவர் கை நின்றது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அது அவங்க கேக்குற இடம்னு விட்டுட்டேண்ணே" என்றார். அதற்குப் பிறகு அவருக்குக் கண் தெளியக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

மருத்துவர்களே, அம்மாவின் பணியை எப்படித் தொடரப் போகிறோம்? படம் மாட்டலாம், அறைக்கு அவர் பெயர் வைக்கலாம். வையுங்கள். நீங்கள் கேளுங்கள், நாங்கள் சொல்கிறோம். கேட்காவிட்டாலும் சொல்கிறோம். தியேட்டர் ஊழியர்கள் எல்லோர் சார்பிலும் இது என் உறுதி.

அதை இங்கேயே தொடங்க வேண்டும் அல்லவா? மூன்றாவது வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் அண்ணே, உங்கள் கையில் இருக்கும் தழும்பு அம்மாவின் தப்பு என்றுதானே இத்தனை வருடம் நினைத்திருந்தீர்கள்? அதில் பாதி என்னுடையது. அம்மா கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். திட்ட வேண்டுமானால் அங்கே வந்து திட்டுங்கள் அண்ணே. ஓடிப் போக மாட்டேன்.