சொந்த வலை எறா

கெங்கம்மா: யோவ், அந்த ஜன்னலயும் தொடைய்யா! இப்பத்தான் தொடச்சேன்... அதுக்குள்ள கரண்டு கம்பெனி சாம்பலு வந்து குந்திகினு கீது.

ஜெயவேல்: அதான் நம்ம வூட்டு மொத சம்மந்தி. சொல்லாம வரும், போவவே போவாது.

கெங்கம்மா: நக்கலு! பொண்ணோட ஆத்தா வந்து மூஞ்ச சுளிச்சா நம்ம குட்டுவன் கல்யாணம் அவ்ளோதான். மாயா இல்லன்னா வேற பொண்ணே வாணாங்கறான்.

ஜெயவேல்: எண்ணூர் போர்ட்டுல வேலைக்கு அனுப்புனா இவன் பொண்ணு பாத்துகினு வந்துகீறான். பொண்ணோட ஆத்தா இன்னா பண்ணுது?

கெங்கம்மா: ராயபுரத்துல ஏதோ யாவாரமாம். அத்த வுடு... எறா வாங்கறப்ப உன்ன யாராச்சும் பாத்தாங்களா?

ஜெயவேல்: காசிமேட்டு மீன் மார்க்கெட்டுல ஹெல்மெட்டயே கழட்டல நானு. வலை போடறவன் எறா வாங்கறத தோஸ்துங்க பாத்தா மானம் போயிடும்.

கெங்கம்மா: இன்னா பண்றது... சம்மந்தி மொத தபா வந்தா சொந்த வலைல வுழுந்ததத்தான் எலைல போடணும். நம்ம குப்பத்துக் கட்டு அப்பிடி.

ஜெயவேல்: கம்பெனிக்காரன் ஆத்துல வுடறது சுடுதண்ணி. வலைல வுழறது சேறு. சேத்தயா போடறது எலைல?

கெங்கம்மா: தோ... ஆட்டோ வந்துச்சு. சிரி... சிரிய்யா! வாங்க சம்மந்தி, வாங்க!

ராமசெல்வி: இன்னும் சம்மந்தி ஆவலம்மா. வூட்ட பாக்கணும், மனுசங்கள பாக்கணும்... அப்பறம்தான் அதெல்லாம். ஒரு லாரி பின்னாடியே ஊர்ந்துகினு வந்தேன். எம்மாம் பெரிய ரோடு!

ஜெயவேல்: ரோடு லாரிக்கு. ஓரம் நமக்கு.

கெங்கம்மா: சும்மா இருய்யா! நல்ல ரோடும்மா. எம் பொண்ணுக்கு வலி வந்தப்ப ஆம்புலன்ஸு வாசல் வரிக்கும் வந்துச்சு. முன்னல்லாம் படவுல போட்டு அக்கரைக்குத் தள்ளணும்.

ராமசெல்வி: வாசல்ல கோலம் ரெண்டு கலர்ல கீதே?

கெங்கம்மா: நா வெள்ள மட்டுந்தான் போட்டேன்...

ஜெயவேல்: கருப்பு, கம்பெனி போட்டது.

ராமசெல்வி: ஹஹ்ஹா! ஆனா கரண்டுக்குப் பஞ்சமே இருக்காது. பக்கத்துலயே செய்றாங்க.

கெங்கம்மா: பஞ்சமா! எங்க ஊர்ல ஃபேனு நின்னதே... ஐயோ!

ஜெயவேல்: நின்னுச்சு.

கெங்கம்மா: இன்னைக்குத்தாம்மா மொத தபா!

ராமசெல்வி: விசிறி குடு, பரவால்ல. எலை போட்டுட்டியா? ம்... வாசனை தூக்குது! இன்னா எறா, இம்மாம் பெருசு!

ஜெயவேல்: நம்ம ஆத்து எறா. விடியக்கால, என் வலைல வுழுந்தது.

ராமசெல்வி: நெஜமாவா? ஆத்துல இன்னும் எறா கீதா?

ஜெயவேல்: கொட்டிக் கெடக்குது!

ராமசெல்வி: நா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத கெங்கம்மா. எம் பொண்ணு இந்த ஆத்த நம்பி வரலாமா?

கெங்கம்மா: மொதல்ல சாப்புடும்மா... தோ, கொழம்பு ஊத்தறேன்.

ஜெயவேல்: சொல்லு கெங்கா. கொட்டிக் கெடக்குதுன்னு சொல்லு.

கெங்கம்மா: போய்யா... சோறு போடற எடத்துல எனக்குப் பொய்யி வரல. ஆத்த நம்பி வராதம்மா. ஆறு போயி வருசமாச்சு. எங்கள நம்பி வரட்டும். புள்ள ஒழைப்பான், நா கண்ணாட்டம் பாத்துக்குவேன். இந்த எறாகூட காசிமேட்டுல வாங்குனது.

ஜெயவேல்: போச்சுடா!

ராமசெல்வி: ஹஹ்ஹஹ்ஹா...

கெங்கம்மா: சிரிக்கிறீங்க?

ராமசெல்வி: இல்ல... யாருகிட்ட வாங்குனாரு?

ஜெயவேல்: எவளோ ஒருத்தி. தலைல துண்டு கட்டிகினு இருந்தா. எவனாச்சும் பாத்துடுவானோன்னு திரும்பித் திரும்பிப் பாத்ததுல அவ மூஞ்சகூட பாக்கல. மொதல்ல பேரத்துக்கே மசியல. எண்ணூர்ல வூடு, போர்ட்டுல வேல செய்ற எம் புள்ள குட்டுவனுக்காக பொண்ணு வூட்ல வராங்கன்னு சொன்னேன் பாரு... கூடையக் கவுத்துக் கொட்டி, பெருசு பெருசா பொறுக்கிப் போட்டா, மவராசி!

கெங்கம்மா: ஏம்மா... ராயபுரம் காசிமேட்டுக்குப் பக்கந்தான... நீங்க இன்னா யாவாரம் பண்றீங்க?

ராமசெல்வி: பொறுக்கிப் போடாம இன்னா, சம்மந்தி? எம் பொண்ணு வந்து குந்தப்போற எலையாச்சே!