ஒரு வருச அனுபவம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பஸ்ஸில், காரியாபட்டி தாண்டியதும் எனக்குப் பின்சீட்டில் இரண்டு வாலிபர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

“ஏலே, வேலைய விட்டு ஒரு வருசமா என்ன செஞ்சேன்னு இன்டர்வியூவுல கேட்டாகளா?”

“மேனேஜரு கேட்டாரு. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே, சும்மா இருந்தேன்னு சொல்லாம, ஊருல வெவசாயம் பாத்தேன்னு சொன்னேன்.”

“அப்படித்தான் சொல்லணும்.”

“எந்த ஊருன்னாரு. திருச்சுழிப் பக்கம்னேன். ‘எனக்கும் அங்கனதான். கருவேலமரத்தத் தவிர அங்க என்னத்தப்பா வெளஞ்சுச்சு?’ன்னாரு.”

“போச்சா?”

“ஆபீசு வேலைக்கு வேற ஆள எடுத்துட்டாகளாம். ஆனா அவரு காட்டுல கருவேலம் வெட்ட ஆளு கெடைக்கலையாம். ‘ஒனக்குத்தான் அனுபவம் இருக்கே, திங்கக்கெழமை அருவாளோட வந்துரு’ன்னாரு.”

“பாத்தியா! சும்மா இருந்தேன்னு சொல்லியிருந்தா இதுவும் கெடைச்சிருக்குமா?”