மடித்துத் தைத்துவிட்ட கரை

கரை காக்கும் கண்ணே, கண்டிப்பில் குறையாத கனிவே, எங்கள் ஆலையின் பரிசோதனை மேசைக்கு அரசியாய் வீற்றிருந்து இன்று விடைபெறும் அன்பு அக்கா அவர்களே, வணக்கம்!

தங்களுக்கென்று நாங்கள் எழுதிவைத்த மடல் வேறு. அதில் அடைமொழிகள் இன்னும் அதிகம். காலையில் நடந்ததற்குப் பிறகு அதை அப்படியே படிக்க வாய் வரவில்லை. பாதியை அடித்துத் திருத்திப் படிக்கிறோம், தடுமாறினால் பொறுத்தருள்க.

தறியிலிருந்து இறங்கும் துணிக்கு இருபுறமும் நூல் பிரியாமல் நெய்து முடிந்த கரை இருக்கிறதே, அதைத் தடவிப் பார்த்தே தாங்கள் பணிக்காலம் முழுவதையும் கழித்தீர்கள். துணியின் நடுவில் பூ பூத்திருந்தாலும் பொன் மின்னினாலும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "நடுவுல எல்லாரும் பார்ப்பாங்க, ஓரத்த யாரு பார்க்கிறது?" என்பீர்கள். ஓரிடத்தில் கரை சுருங்கினாலும் சாக்கட்டியால் குறி விழும். மேலாளர் மகளின் திருமணத்துக்கு நெய்த துணியிலும் விழுந்தது. அன்று மேலாளரின் முகம் போன போக்கைப் படிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அத்தகைய தங்களுக்கு எங்கள் கையாலேயே ஒரு போர்வை நெய்து தர நினைத்தோம். நெய்யும்வரை எல்லாம் சரி. பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று தையல் பிரிவுத் தம்பி நான்கு பக்கமும் மடித்துத் தைத்துவிட்டார். நாங்களும் பலே என்று தலையாட்டினோம். தங்களுக்குத் தரும் துணியில் கரையையே மறைத்துவிட்டோமே என்று இத்தனை பேரில் ஒருவருக்காவது உறைக்க வேண்டாமா?

இன்று காலை பொட்டலம் கட்டுமுன் அது தங்கள் கண்ணில் பட்டது. விரலால் தடவி, "என்னப்பா, இதுல கரை எங்க?" என்றீர்கள்.

"உள்ள இருக்குக்கா" என்றார் தம்பி.

ஓர் ஊசியை எடுத்து உட்கார்ந்து, இரு நீளப் பக்கங்களின் தையலையும் தாங்களே பிரித்தீர்கள். இது கோபமா உரிமையா என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்த கரையில் ஓரிடம் சுருங்கியிருந்தது. நாங்களும் பார்த்தோம், தாங்களும் பார்த்தீர்கள். விரல் அங்கே நின்றது. நெய்த தறிக்காரர் தாமே சாக்கட்டியை எடுத்து நீட்டினார். தாங்கள் வாங்கவில்லை. போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டீர்கள்.

அதுமுதல் ஆளுக்கொரு பேச்சு. அக்கா மன்னித்துவிட்டார் என்கிறது தையல் பிரிவு. வெறுத்துவிட்டார் என்கிறது தறிப் பிரிவு. கேட்கவும் அச்சம், கேட்காமல் அனுப்பவும் மனமில்லை. மனம் நிறைந்து போகிறீர்களா, நொந்து போகிறீர்களா என்று தெரியாமலே, தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.

பிழையைக் கண்டும் குறியிடாமல் விட்டீர்களே அக்கா, தாங்கள் மெய்யாகவே போகிறீர்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இங்ஙனம்,
தங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாத
தறி, தையல், பரிசோதனைப் பிரிவுத் தொழிலாளர்கள்