படம் எப்பிடி இருந்துச்சு?

அன்புசெல்வி: ...அப்ப கடைசியில அந்தப் பொண்ணு செத்துட்டாளா, இல்லியா?

செல்வகுமார்: எந்தப் பொண்ணு?

அன்புசெல்வி: படத்துலங்க. இப்ப பாத்துட்டு வர்றமே, அந்தப் படத்துல.

செல்வகுமார்: ஹெல்மெட்டுல ஒண்ணும் கேக்கல.

அன்புசெல்வி: சிக்னல்லதான நிக்குறோம். வண்டியக்கூட ஆஃப் பண்ணிட்டீங்க. நல்லாவே கேக்குது உங்களுக்கு.

செல்வகுமார்: ...செத்துட்டா.

அன்புசெல்வி: எப்பிடி?

செல்வகுமார்: எப்பிடின்னா... அந்த வக்கீலு ஏமாத்திட்டான்ல.

அன்புசெல்வி: வக்கீலா? அவன் டாக்டருங்க.

செல்வகுமார்: கோட்டு போட்டிருந்தானே.

அன்புசெல்வி: வெள்ள கோட்டு. தூங்கிட்டீங்க.

செல்வகுமார்: கண்ண மூடினேன், அவ்ளோதான். நீ முழிச்சிருந்தல்ல, நீயே சொல்லு. செத்துட்டாளா?

அன்புசெல்வி: அதத்தான நான் உங்கள கேட்டேன்.

செல்வகுமார்: அடிப்பாவி... நீயுமா?

அன்புசெல்வி: அவ ஜன்னல்ல உக்காந்து மழையப் பாத்துகினே இருந்தா. நானும் அவகூட பாத்துகினு இருந்தேன். அப்புறம் துப்பாக்கி சத்தம் கேட்டு முழிச்சேன். யாரோ கீழ கெடந்தாங்க. யாருன்னு பாக்கறதுக்குள்ள மறுபடியும்...

செல்வகுமார்: அந்த சத்தத்துக்கு நானும் முழிச்சேன். அதுக்குள்ள உன் தல மறுபடியும் என் தோள்ல சாஞ்சிடுச்சு. எழுப்ப மனசு வரல, நானும் அப்பிடியே கண்ண மூடிட்டேன்.

அன்புசெல்வி: எழுப்பியிருக்கணும். போன படத்துலயும் இதே கததான். நீங்க பாப்பீங்கன்னு நான், நான் பாப்பேன்னு நீங்க.

செல்வகுமார்: அப்பாவும் தேடித் தேடி இப்பிடி ஊர்ற படமாவே டிக்கெட் போடறாரு. அவரு மட்டும் டிவியில சண்ட வரலன்னா உடனே சேனல மாத்திடறாரு. நமக்கு மழையும் ஜன்னலும்.

அன்புசெல்வி: பச்ச விழுந்துடுச்சு. போங்க.

செல்வகுமார்: ரெட்டியார்பாளையத்துல ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமா?

அன்புசெல்வி: குடிச்சே ஆவணும். கதைய முடிவு பண்ணாம எப்பிடி வூட்டுக்குப் போறது?

செல்வகுமார்: ...அண்ணே, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர கம்மி. ஏன் செல்வி, பேசாம அப்பாகிட்ட உண்மைய சொல்லிட்டா இன்னா?

அன்புசெல்வி: சொன்னா இன்னா ஆவும்? மறுபடியும் அந்த முதியோர் இல்லத்து நம்பர எடுத்து வச்சிகினு உக்காருவாரு. "என்னாலதான உங்களுக்குத் தூக்கம் போச்சு, என்ன அங்க வுட்ருங்க"ன்னு. போன தடவ அந்தப் பேச்ச நிறுத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

செல்வகுமார்: ராத்திரியில நாம எழுந்து எழுந்து திருப்பிப் படுக்க வைக்கிறது அவருக்கு உறுத்துது.

அன்புசெல்வி: இடுப்பு ஒடஞ்சு படுத்திருக்கவர திருப்பிப் போடாம வுட்டா முதுகு புண்ணாயிடாதா? எனக்கும் அலுப்புதாங்க, பொய் சொல்லல. துணிக் கடையில நின்னுகினே தூங்குறேன். ஆனா அவர அங்க வுட்டுட்டு வந்தா எனக்குச் சுத்தமா தூக்கமே வராது.

செல்வகுமார்: எனக்கு மட்டும் வருமா? கம்பெனியில நேத்து மிஷினு முன்னாடியே கண்ணு சொருகிடுச்சு. சூப்பரவைசரு நான் குடிச்சுட்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டான்... சரி, சொல்லு. துப்பாக்கி யாருது?

அன்புசெல்வி: டாக்டரோடது.

செல்வகுமார்: டாக்டருக்கு எதுக்குத் துப்பாக்கி?

அன்புசெல்வி: இப்ப வர்ற படத்துல பூக்காரம்மா கூடத் துப்பாக்கி வச்சிருக்கு. டாக்டரு வச்சிருந்தா ஒண்ணும் தப்பில்ல.

செல்வகுமார்: அதுவும் சரிதான். முடிவு?

அன்புசெல்வி: இப்பல்லாம் எந்தப் படம் முடியுது? ரெண்டாம் பாகத்துல தெரியும்னு சொல்லிடலாம்.

செல்வகுமார்: நல்லவேள, அந்த ஒரு வழி வச்சிருக்கானுங்க. அன்னைக்கி அப்பா போன்ல ஒரு வெப் சீரிஸு போட்டாரே, எல்லாப் பகுதியிலயும் ஒருத்தன் கார்லயே போய்கினு இருந்தான். கடைசியில எங்க போய்ச் சேந்தான்?

அன்புசெல்வி: எனக்கு இன்னா தெரியும்? அதுலயும் தூங்கிட்டேன். டீய குடிங்க, ஆறுது. பக்கத்து வூட்டு கமலவேணி அக்காவ எத்தினி நேரம்தான் அவருக்குக் காவலா உக்கார வைக்கிறது?

செல்வகுமார்: அதோ, நம்ம வூட்டு வாசல்லயே அக்கா நிக்குது பாரு. டீக்கடையிலேர்ந்து மூலக்குளம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசாம வந்தியே, பின்னாடி தூங்கிட்டியா?

அன்புசெல்வி: கதைய மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். ...வந்துட்டோம்க்கா, நீங்க கிளம்புங்க. ரொம்ப நேரமாயிடுச்சு.

ராஜாங்கம்: யாரு, குமாரா? வாங்க, வாங்க. படம் எப்பிடி இருந்துச்சு?

செல்வகுமார்: நல்லா இருந்துச்சுப்பா.

ராஜாங்கம்: நல்லா இருந்துச்சுன்னா ஆச்சா? கதையச் சொல்லுடா.

அன்புசெல்வி: இருங்க மாமா, மொதல்ல திருப்பிப் படுக்க வைக்கிறோம். ஏங்க, அந்தப் பக்கம் புடிங்க.

ராஜாங்கம்: மெதுவா... ம்... தலகாணி. போதும்மா. இந்தக் கமலவேணி சீரியலப் போட்டு என் உயிர எடுத்துட்டா. அதுல ஒரு மாமியாக்காரி கோமாவுல கெடக்குறா. தீவாளிக்கு முன்னாடி படுத்தவ. வச்ச பூ வாடல, பொட்டு கலையல, முதுகுல ஒரு புண்ணு கெடையாது. யாரு இவள திருப்பிப் போடறதுன்னு கேட்டேன், கமலவேணி மொறைக்கிறா.

அன்புசெல்வி: சீரியல்ல யாரும் திருப்பிப் போட மாட்டாங்க மாமா.

ராஜாங்கம்: அதான பாத்தேன். மருமவக்காரி ராத்திரி பகலா பாத்துக்குறாளாம். கண்ணுக்குக் கீழ ஒரு கருப்பு இல்ல. பளபளன்னு நிக்குறா. எவ்ளோ பொய்யி... சரி, கத இன்னா?

அன்புசெல்வி: ஒரு பொண்ணு மாமா. மழ பெய்யுது. ஜன்னல்ல உக்காந்திருக்கா.

ராஜாங்கம்: ம்.

செல்வகுமார்: ஒரு டாக்டரு வர்றான். பாத்தா நல்லவனாத் தெரிவான், ஆனா நல்லவன் இல்ல.

ராஜாங்கம்: ம். துப்பாக்கி யாருகிட்ட இருந்துச்சு?

செல்வகுமார்: துப்பாக்கி இருக்குன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?

ராஜாங்கம்: எந்தப் படத்துலடா துப்பாக்கி இல்ல? சொல்லு.

செல்வகுமார்: டாக்டருகிட்ட.

ராஜாங்கம்: அந்தப் பொண்ணு?

அன்புசெல்வி: செத்துட்டா மாமா.

செல்வகுமார்: பொழச்சுட்டாப்பா.

ராஜாங்கம்: ரெண்டுல எது?

செல்வகுமார்: அதாவது... செத்துட்டான்னு நெனைக்கிறப்ப பொழச்சுட்டா.

அன்புசெல்வி: ரெண்டாம் பாகம் வருது மாமா.

ராஜாங்கம்: வரட்டும், வரட்டும். அருமையான கத.

செல்வகுமார்: அருமையெல்லாம் இல்ல, சுமார்தான். அடுத்த வாரம் வேணாம்ப்பா, நாங்க வூட்டுலயே இருக்கோம்.

ராஜாங்கம்: டிக்கெட்டு போட்டாச்சு.

அன்புசெல்வி: ஏன் மாமா, சண்ட இல்லாத படத்த நீங்க திரும்பிக் கூடப் பாக்க மாட்டீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடிப் பாத்துப் பாத்து...

ராஜாங்கம்: உனக்கு முட்ட தோச ஊத்தவா, வெறும் தோச ஊத்தவான்னு கமலவேணி கேட்டா. ரெண்டும் ஊத்தி வச்சிருக்கா. போய் சாப்புடுங்க.

அன்புசெல்வி: பேச்ச மாத்தாதீங்க மாமா.

ராஜாங்கம்: ...போன்ல ஒரு பையன் விமர்சனம் சொல்றான்மா. படம் வந்த அன்னைக்கே முழுக் கதையும் சொல்லிடறான். அவன் வாயில எதுவும் நிக்காது. அந்தப் பொண்ணு சாகல. அவதான் சுட்டா. வெள்ள கோட்டு போட்டவன் மருந்துக் கடைக்காரனாம்.

செல்வகுமார்: அப்ப எல்லாம் தெரியுமா உனக்கு?

ராஜாங்கம்: போன வாரம் சொன்ன கதையும் நல்லாத்தான் இருந்துச்சு. படத்த வுட உங்க கத தேவலாம்.

அன்புசெல்வி: மாமா... அப்ப அந்த இல்லத்து நம்பரு?

ராஜாங்கம்: போன்லதான் இருக்கு. ஞாயித்துக்கிழம தவறாம நீங்க ரெண்டு பேரும் படத்துக்குப் போற வரைக்கும் அத நான் கூப்புட மாட்டேன்.

செல்வகுமார்: அப்பா...

ராஜாங்கம்: இன்னைக்கி துப்பாக்கி வெடிக்கும்னு டிக்கெட்டு போட்டப்புறம்தான்டா தெரிஞ்சுது. அடுத்தத நல்லா விசாரிச்சுட்டேன், சத்தமே கெடையாதாம். செவுத்து ஓரமா சீட்டு போட்டிருக்கேன், நல்லா சாஞ்சிக்கலாம்.