மீன் குழம்பு கிளாஸ்

பெங்களூர் தொம்மலூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வீடுகளில் சமையல் செய்பவர்கள்.

"நான் சொல்லிக் குடுத்த கிளாசுல எனக்கே சர்டிபிகேட் இல்லையாம்," என்றாள் மூத்தவள்.

"என்னக்கா சொல்றே?"

"ஞாயித்துக்கிழமை நான் சமைக்கிற மேடம் வீட்ல மீன் குழம்பு கிளாஸ். அவங்க பேசினாங்க, புளி கரைச்சதுல இருந்து எல்லாம் நான்தான் செஞ்சு காட்டினேன். வந்தவங்க எல்லாருக்கும் சர்டிபிகேட். ஹாஸ்டல் சமையல் வேலைக்குக் கேக்குறாங்க, எனக்கும் ஒண்ணு குடுங்கன்னேன். கத்துக்க வந்தவங்களுக்குத்தானாம்."

"அடுத்த வாரம் நீயும் கத்துக்கப் போய் உக்காரேன்."

"கேட்டேனே. சரி உக்காரு, ஆனா செஞ்சு காட்ட வேற ஆளக் கூட்டிட்டு வான்னாங்க. நீ வர்றியாடி?"



"வந்தா எனக்கு யாருக்கா சர்டிபிகேட் குடுப்பா?"