அலுமாரிக்குள் பூட்டிய பூனை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே, பிள்ளையின் கட்டிலருகே கண்விழித்துக் கிடக்கும் தாய்மார்களே, ஸலாமும் வணக்கமும். இந்த ஆஸ்பத்திரி விழாவில் நன்றியுரை சொல்ல அழைக்கப்பட்ட பத்தாம் ஆண்டு மாணவி முனவ்வறா நான். கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே பதிவுசெய்யப் போகிறேன்.

இந்த மேசையில் மாலையோடு வீற்றிருக்கிறதே வெள்ளைப் பூனை, இது ரோபோ. தடவினால் கண் மூடும், அணைத்தால் முனகும். நோயுற்ற குழந்தைகளைத் தேற்றக் கடல் கடந்து வந்தது. வந்து மூன்று மாதம். எத்தனை குழந்தைகளைத் தேற்றியது? ஒரேயொரு குழந்தையை. அதுவும் ஒரு போட்டோ எடுக்கும் நேரம்.

கை முறிந்து நான் இங்கே சிறுவர் வாட்டில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் யதுசா. ஏழு வயது. வன்னிப் போரின் கடைசி நாட்களில் தாயை இழந்து, காலில் ஷெல் காயத்தோடு பாண்டிருப்புப் பெரியம்மாவிடம் வந்தவள். அன்றிலிருந்து வாய் திறவாதவள். விருந்தினர் வந்த அன்று படத்துக்காகப் பூனையை அவள் மடியில் வைத்தார்கள். குனிந்து காது வைத்தாள்.

"இது மூச்சு விடுது" என்றாள்.

ஏழு மாதத்தில் முதல் வார்த்தை!

படம் முடிந்தது. நலன்புரிச் சங்கச் செயலாளர் மக்கீன் மாமா பூனையைப் பறித்தார். "விடு புள்ள, ஊத்தையாப் பெய்த்திரும். பெரியாக்கள் வந்தா என்னத்தக் காட்டுற?" வாட்டிலிருந்த கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

விருந்தாளிக்கென்று நம் வீட்டு ஷோகேஸில் அடுக்கிவைக்கும் கோப்பையா இது? பிள்ளை தொட்டால் ஏசுவதற்கு இது பீங்கானா?

மறுநாள் காயத்துக்கு மருந்து கட்டும்போது அலுமாரியை நோக்கி இரு கையையும் நீட்டினாள். "சாவி செயலாளர்ட கையில, மகள். நான் என்ன செய்ய?" என்றார் நேர்ஸ். யதுசா அலறினாள். அதன்பின் இன்றுவரை ஒரு சொல் இல்லை.

என்ன கேட்டீர்கள் பெரியவரே? மனுசர் இருக்க மெசின் எதுக்கு என்றா? சுனாமி நாளில் நானும் ஒரு நேர்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நாற்பது கட்டில், ஒரு நேர்ஸ். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அழுதுகொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். பூனைக்கு அடுத்த கட்டில் இல்லை.

நாளைக் காலை யதுசாவுக்கு மீண்டும் சத்திரசிகிச்சை. பெரியம்மாவை உள்ளே விடமாட்டார்கள். பூனையை விடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மக்கீன் மாமாவோ, விழா முடிந்ததும் அலுமாரிக்கு என்கிறார். ஊத்தையாகட்டும் மாமா! அவள் கண்ணீர் பட்டு ஊத்தையாகட்டும்! பிள்ளைகளின் கைபட்டுப் பழுதாகட்டும்!

"இறங்கு புள்ள" என்கிறீர்களா மாமா? ஓம், இறங்குகிறேன். மாலையைக் கழற்றி மேசையில் வைக்கிறேன்; பூனையைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்கு இறங்குகிறேன். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. ஸலாம், வணக்கம்.

என்னைத் தடுக்க விளக்குகளை அணைத்துவிட்டார்கள், தாய்மாரே. பூனை முனகும் சத்தம் வரும் பக்கம் வழிவிடுங்கள்.