அலுமாரிக்குள் ஐந்து தக்காளி

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதென்றால் சுத்தமான ஆளாகப் பார்த்து விட வேண்டும். கெவின் சுத்தமான ஆள். குளித்தால் தரையைத் துடைத்துவிட்டு வருவான். சப்பாத்தை வாசலிலேயே கழற்றுவான். சிட்னியில் இந்த மெரிலேண்ட்ஸ் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கிடைக்க மாட்டான். இதை முதலில் இந்தப் பொலிஸ் சார்ஜன்டுக்குச் சொல்லுங்கள், தம்பி கிருஷ்ணசாமி. மொழிபெயர்க்க வந்த நீங்கள் சென்னைக்காரர். என் யாழ்ப்பாணத் தமிழில் ஏதும் பிடிபடாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். எனக்கு இங்கிலீஷும் ஓடும். ஆனால் செய்த காரியத்தை ஒழுங்காகச் சொல்வதற்கு என் பாஷைதான் தோது.

என் பெயர் விக்னராஜா. கிளிநொச்சி விவசாய இலாகாவில் வேலை பார்த்தவன். களஞ்சியப் பிரிவு. உர மூட்டை உள்ளே வரும், கையெழுத்து வைப்பேன். வெளியே போகும், கையெழுத்து வைப்பேன். வயல் பக்கம் போக வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. சிட்னிக்கு வந்த பிறகு, 'விவசாய இலாகாவில் இருந்தவர்' என்று யாரோ சொல்ல, அது நாலு வீடு தாண்டுவதற்குள் 'விவசாய விற்பன்னர்' ஆகிவிட்டது. நான் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை. வளர்கிற ஒன்றை வெட்டுவது என் சுபாவம் கிடையாது.

என் மனைவி கலா மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவளுடைய கத்தரி, அவளுடைய பச்சை மிளகாய், குயின்ஸ்லாந்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி வந்த வெற்றிலைக்கொடி எல்லாம் என் பராமரிப்பில் இருந்த காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலமாகின. இந்த ஊர்ச் சுவாத்தியம் அப்படி. அவளுக்கு அது விளங்கவில்லை. ஜெயரட்ணம் வீட்டுப் பூசையில் இருபது பேருக்கு முன்னால், "இவர் தொட்டா பிளாஸ்டிக் பூவும் வாடும்" என்றாள். சிரிக்காத ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் பிடியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு அது நொந்தது, தம்பி. மறைப்பானேன், நன்றாக நொந்தது. என் கையால் ஒரே ஒரு செடி நிமிர்ந்து நிற்க வேண்டும், அதைக் கலா தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

இந்த யூலையில் ஒருநாள் பகலில் கெவினின் அறை யன்னலைச் சாத்தப் போனேன். அவனுடைய அலுமாரிக் கதவின் கீழால் வெளிச்சம் கசிந்தது. சட்டைக்கு எதற்கு விளக்கு? நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு? திறந்தேன். உள்ளே விளக்கின் கீழே, ஐந்து ஐஸ்கிறீம் டப்பாக்களில் ஐந்து நாற்று. சாண் உயரம்கூட இல்லை. இலை மஞ்சள் பூத்து, தலை தொங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது.

பின்னால் கெவின் நின்றான். "தக்காளி, விக்" என்றான்.

அது என்ன செடி என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் சார்ஜன்ட் நம்ப மாட்டார், நானும் சொல்லப் போவதில்லை. தக்காளி இலைக்கும் கஞ்சா இலைக்கும் வித்தியாசம் தெரியாதவன் உர மூட்டைக்குக் கையெழுத்து வைக்கக்கூட லாயக்கில்லை. ஆனால் சட்டம் ஒரு பக்கம், மஞ்சள் இலை இன்னொரு பக்கம். கெவின் என் தோளைத் தொட்டு, "நீ விவசாய ஆபீசில் இருந்தவன் அல்லவா? இதுகளுக்கு என்ன வருத்தம் என்று சொல்லேன்" என்று கேட்டான். இந்த நாட்டில் ஒரு செடியைக் காட்டி என்னிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் மனிதன் அவன்தான். தக்காளி என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன்.

விரலை விட்டுப் பார்த்தேன். தோட்டத்துக் களிமண், சேறாக இருந்தது. சின்னக் கொசுக்கள் எழும்பிப் பறந்தன. கெவின், "தண்ணீர் கூடிப்போச்சோ? அடியில் ஓட்டை போடட்டுமா?" என்று கேட்டான். பெடியனுக்கு அனுபவம் காணாது. மண் ஆயிரம் சொல்லும், இலையைத்தான் நம்ப வேண்டும். இலை தொங்கினால் தாகம். ஓட்டை போட்டால் போடுகிற பசளை எல்லாம் ஒழுகிப் போய்விடும். இதை அவனுக்குப் பொறுமையாக விளக்கிவிட்டு, ஐந்துக்கும் வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றினேன்.

மஞ்சள் போகவில்லை. ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தளதளவென்று வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். கறிவேப்பிலைக்கு நல்லது கஞ்சாவுக்குக் கெட்டதாக இருக்க நியாயம் இல்லை. தயிரைக் கரைத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, மூக்கைச் சுளிக்க வைக்கிற பதத்துக்கு வந்ததும் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கலா மீன் வெட்டினாள். அந்தக் கழுவின தண்ணீரைச் சும்மா ஊற்றிவிடப் பார்த்தாள். நான் வாங்கிக்கொண்டு போனேன்.

"இஞ்சேருங்கோ, மீன் தண்ணியைக் கொண்டு அந்தப் பெடியன்ர அறைக்குள்ள ஏன் போறியள்?" என்று குசினியிலிருந்து கேட்டாள்.

"தக்காளிக்கு" என்றேன்.

"ஐயோ, அந்தத் தக்காளி என்ன பாவம் செய்ததோ" என்றாள்.

முதலாவது நாற்று அந்தக் கிழமையே சரிந்தது. தண்டின் அடி கறுத்து, நூல் அறுந்த மாதிரி விழுந்தது. நான் பதறவில்லை. பலவீனமான பிள்ளை போய், பலமானது நிற்பது இயற்கை. இரண்டாவதும் போனபோதுதான் காரணம் எனக்குப் பிடிபட்டது. கெவினின் சிநேகிதர்கள் வந்து அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் 'ஆகா, என்ன அழகு' என்று வாயைப் பிளந்தார்கள். கண் வேறு ஒவ்வொருவருக்கும் செக்கச்செவேலென்று இருந்தது. நாவூறு படாமல் என்ன செய்யும்?

உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, ஒவ்வொரு டப்பாவையும் மூன்று தரம் சுற்றினேன். சுற்றினதை நெருப்பில் போட வேண்டும். எங்கள் வீட்டில் மின்சார அடுப்பு. போன முறை அதில் மிளகாய் போட்டதற்குக் கலா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அலுமாரிக்குள் நெருப்பு மூட்டவும் முடியாது, நான் விசரன் இல்லை. ஆகவே சுற்றின உப்பை அந்தந்த டப்பாவின் மண்ணுக்குள்ளேயே புதைத்தேன். கைப்பிடி உப்பு. தோஷம் பெரிது என்றால் உப்பும் தாராளமாக இருக்க வேண்டும்.

மூன்றாவதும் நாலாவதும் போயின. கெவின் கட்டிலில் இருந்து அழுதான். நானும் பக்கத்தில் இருந்தேன். அதன்பிறகு அவன் ஒரு காரியம் செய்தான்; சொல்ல எனக்கு மனம் கூசுகிறது. ஐந்தாவதைத் தூக்கி, மண்ணைக் கொட்டி, மணல் கலந்த புது மண் போட்டு, அடியில் ஓட்டை உள்ள சட்டியில் வைத்து, விளக்கோடு அலுமாரியின் உச்சியில் கொண்டுபோய் ஏற்றினான். "இதை விட்டுவிடு, விக்" என்றான். கையைக் கூப்பிக்கொண்டு சொன்னான்.

கெவின் பனை உயரம். நான் அப்படி இல்லை. ஒருநாள் மோர்ச் செம்போடு கதிரையில் ஏறினேன். கலா பின்னாலிருந்து இடுப்புச் சாரத்தைப் பிடித்து இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் செடிக்கு நான் கீழே நின்று ஆலோசனை மட்டும்தான் சொன்னேன். காலையும் மாலையும் தவறாமல் சொன்னேன். அது வளர்ந்தது, தம்பி. கரும்பச்சையாக, விரல் விரித்த மாதிரி இலை விட்டு, கூரையைத் தொடப் பார்த்தது.

மற்ற நாலையும் கெவின் எறியப் பார்த்தான். நான் விடவில்லை. வேர் உறங்குகிறது, எழும்பும் என்றேன். செத்த பிறகும் நாலுக்கும் மோர், மீன் தண்ணீர் எல்லாம் நாள் தவறாமல் கொடுத்தேன். ஒரு வேளையாவது பட்டினி போட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. கெவின் மரியாதை தெரிந்தவன். தலையணையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைச் செற்றியில் படுக்கத் தொடங்கினான். பக்கத்து வீட்டு மிஸிஸ் டொனெலிக்கு அந்த மரியாதை இல்லை. எங்கள் வீட்டில் யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று பொலிஸுக்கு ரெலிபோன் பண்ணினாள்.

பொலிஸ் வந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தது, குளியலறையில் பார்த்தது, வீட்டில் ஆள் குறைகிறதா என்று கலாவையும் சேர்த்து எண்ணிப் பார்த்தது. கடைசியில் அலுமாரியைத் திறந்த இளம் பொலிஸ்காரர் வெளியே ஓடிப்போய் எங்கள் வேலியில் சாய்ந்து வாந்தி எடுத்தார். பிறகு உச்சியில் இருந்ததைக் கண்டார்கள். செடியோடு எங்களையும் இங்கே பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் என்மேல் பெரிய குற்றம் இல்லை என்றுதான் சார்ஜன்ட் நினைத்தார். செடி கெவினுடையது, வீட்டுக்காரனுக்குத் தக்காளி என்று சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான் என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். அப்போதுதான் அந்தத் தாடி வைத்த தாவர நிபுணர் வந்தார். செடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். மண்ணைக் கிள்ளி மணந்தார். "யார் வளர்த்தானோ, நல்ல கைராசிக்காரன்" என்றார்.

"அப்படியென்றால் வளர்த்தது யார்?" என்று சார்ஜன்ட் கேட்டார். கெவின் வாயைத் திறந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"நான்தான்" என்றேன்.

கெவின் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். தன்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் நினைக்கிறான்; நினைத்துவிட்டுப் போகட்டும். நீங்களும், தம்பி, நல்ல எண்ணத்தில்தான் என் காதுக்குள் குனிந்தீர்கள். "சார், தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இது ஜெயிலுக்குப் போற விஷயம் சார்." ஜெயில் என்றால் ஜெயில்.

ஆனால் கலா செய்ததுதான் தாங்க முடியவில்லை. வெளியே வாங்குப் பலகையில் இருந்தவள் எழும்பி உள்ளே வந்து, சார்ஜன்டைப் பார்த்துச் சொன்னதை நீங்களே மொழிபெயர்த்தீர்கள். "ஐயா, இவர் வளர்த்ததெண்டா அது உயிரோட இருக்குமே? அது பச்சையா நிக்கிறதே இவர் தொடேல்லை எண்டதுக்குச் சாட்சி. இவரை விடுங்கோ." நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் சார்ஜன்ட் சிரித்தார். கெவின்கூடச் சிரித்தான். கட்டின பெண்சாதி என்னைக் காப்பாற்ற வேறு வழி பார்த்திருக்கலாம்.

ஆகவே இதை அப்படியே எழுதுங்கள். கிளிநொச்சி விவசாய இலாகா விக்னராஜா, எழுபத்தாறாம் ஆண்டு குளிர்காலத்தில், மெரிலேண்ட்ஸில் உள்ள தன் வீட்டில், கஞ்சா என்று தெரிந்தே, ஐந்து செடி வளர்த்தான். நாலு தவறிப்போனது. ஒன்று நின்றது. நிபுணர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே கீழே சேருங்கள். கலா வாசிக்கக்கூடிய மாதிரிப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. நீங்களும் சார்ஜன்டும் கெவினையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கலாவைச் சமாதானப்படுத்திய நேரத்தில், செடியும் நானும் இந்த மேசையில் தனியாக இருந்தோம். முதல் தடவையாகக் கைக்கெட்டும் தூரத்தில். சார்ஜன்ட் எனக்குத் தந்த தேநீர் ஆறாமல் அப்படியே இருந்தது, பாலும் சீனியுமாக. முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். இப்போது பாருங்கள், தலை குனிந்து நிற்கிறது. வளர்த்தவனுக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நிற்கும்.